நீரின் பாதையை விற்பது வணிகமா?

2023 டிசம்பர் 17 காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட அது அதிகம். அல்லாஹ்வின் நாட்டம் என்று கூறி நம்மில் பலர் அதைக் கடந்துவிட்டோம். மழை அவனது நாட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நீர் வடியும் தாழ்நிலத்தில் மண்ணடித்து, கல் நட்டு, மனை என்று விற்பதற்கும் விதியையா காரணம் காட்டுவது? தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதனின் செயல்களையே குர்ஆன் (30:41) பொறுப்பாக்குகிறது.

காயல் என்றால் உப்பங்கழி. நீரின் பெயரையே தாங்கி நிற்கும் ஊரில் நீருக்கு இடமில்லை என்று சொல்வது நகைப்புக்குரியது. இது அவ்வூருக்கு மட்டும் உரிய குறையன்று. நம் கடலோர ஊர்கள் பலவற்றிலும் தோப்புகளும் தாழ்நிலங்களும் மனைப்பிரிவுகளாகி வருகின்றன.

“மக்கள் பெருகுகிறார்கள், பெண்மக்களுக்கு வீடு வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுப்பது தலைமுறை வழக்கம். ஆனால் அவ்வழக்கத்தைக் காத்த முன்னோர் ஊரை நெருக்கமாகவே கட்டினர். சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகளும், பெண்கள் நடமாட முடுக்குகளும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. சிறிய நிலப்பரப்பில் பெரிய சமூகம் வாழ்ந்தது. இன்றோ பழைய தெருக்களில் வீடுகள் பூட்டிக் கிடக்க, ஊருக்கு வெளியே மனைகள் விலைபோகின்றன. அவற்றுள் பல, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை முடக்கிவைக்கும் இடங்களே. அங்கே வீடு எழும்புவதில்லை, சீமைக்கருவேலம்தான் வளர்கிறது.

தரிசு நிலத்தை வளைத்துப்போட்டு மூன்றாண்டுகள் பயன்படுத்தாது விட்டவருக்கு அதில் உரிமையில்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விதித்ததாக அறிவிக்கப்படுகிறது. விலைகொடுத்து வாங்கிய மனைக்கு அச்சட்டம் நேரடியாகப் பொருந்தாதுதான். ஆயினும் நிலம் பயன்படுவதற்கே, முடக்கிவைப்பதற்கன்று என்னும் அதன் நியாயம் நம்மைக் குத்தவேண்டும்.

வீட்டுத் தேவையா, இயற்கையா என்ற கேள்வியை மதீனாவும் சந்தித்தது. அது சிறிய நகரம். முஹாஜிர்கள் வந்து சேர்ந்தனர். வீடில்லாத திண்ணைத் தோழர்கள் பள்ளிவாசலிலேயே தங்கினர். அத்தகைய நகரைத்தான் நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்து, அதன் மரங்களை வெட்டவும் அங்கே வேட்டையாடவும் தடை விதித்தார்கள். நகீஉ என்னுமிடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குரிய மேய்ச்சல் காப்பகமாக ஒதுக்கினார்கள். வீட்டுத் தேவை அவர்களுக்குத் தெரியாததா?

“சட்டம் பார்த்துக்கொள்ளும்” என்பது மற்றொரு சமாதானம். 2016இல் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இலேயே வரன்முறைத் திட்டம் வந்தது. நீர்நிலைப் புறம்போக்குக்கு அதில் இடமில்லை என்பது உண்மை. ஆனால் மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்கும் பட்டா நிலம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளியாக விடவேண்டும் என்ற விதியும் நீரின் பாதையைக் காப்பதில்லை. அதிகாரியின் கையெழுத்து ஒரு விற்பனையைச் சட்டபூர்வமாக்கலாம். அண்டை வீட்டுக்குள் வெள்ளத்தைத் திருப்பிவிடும் செயலை அது ஹலாலாக்காது. பிறருக்குத் தீங்கிழைத்துப் பயனடையலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

எனவே ஜமாஅத்துகள் வாய் திறக்கவேண்டும். நிக்காஹ் பதிவேட்டில் காட்டும் கண்டிப்பில் ஒரு பங்கையாவது இதிலும் காட்டட்டும். ஊரின் ஓடைகளையும் குளங்களையும் தாழ்நிலங்களையும் வரைபடமாக்கிப் பள்ளிவாசலில் தொங்கவிடட்டும். அதற்குள் வரும் மனையை வாங்கவேண்டாமென ஜும்ஆ மேடையில் சொல்லட்டும். பூட்டிய வீடுகளின் பங்குதாரர்களை அமர்த்திப் பேசி, அவற்றைப் புதுப்பிக்கவோ மாடி எழுப்பவோ வழிசெய்யட்டும். நகராட்சியிடம் அவ்வரைபடத்தோடு செல்லட்டும். வசதியுள்ளோர், நீர் நிற்கும் நிலத்தை வாங்கி அப்படியே வக்ஃபு செய்யட்டும்.

மனை வாங்குபவர் திசை பார்க்கிறார், பத்திரம் பார்க்கிறார், விலை பேசுகிறார். இந்த இடத்து நீர் எங்கே போகும் என்று கேட்பதில்லை. இன்று கேளாத அக்கேள்வி, மறுமையில் நம்மிடம் கேட்கப்படும்.