நீற்றறையில் ஒரு மத்து

திருநாவுக்கரசர் பெருமான் நீற்றறையில் அடைக்கப்பட்ட வரலாற்றை அறியாத அடியார் இலர். பல்லவ மன்னனின் ஆணைப்படி, சுண்ணாம்புக் கல்லை நீற்றும் வெம்மை மிக்க அறையினுள் அவரை இட்டுக் கதவை அடைத்தனர். ஏழு நாட்கள் கழித்துத் திறந்தபோது அவர் ஊனம் ஏதுமின்றி இன்புற்றிருந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவ்வெம்மையின் நடுவே அவர் பாடிய பதிகம் ஐந்தாம் திருமுறையில் உள்ளது. வீணை, நிலவு, தென்றல், பொய்கை என்று குளிர்ந்த பொருள்களாகவே அடுக்கி, இறைவன் திருவடி நிழலுக்கு அவற்றை உவமையாக்கும் அதன் முதற்பாடல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

அந்தப் பதிகத்தின் நிறைவுப் பாடலைப் பலரும் அவ்வளவாகக் கருதுவதில்லை. அதில் வருவது வீணையும் அன்று, நிலவும் அன்று. அடுக்களையின் மூலையில் கிடக்கும் மத்து. விறகினுள் தீயாகவும் பாலினுள் நெய்யாகவும் மறைந்து நிற்கும் இறைவனை வெளிப்படச் செய்வது எப்படி என்ற கேள்விக்கு, கோலையும் கயிற்றையும் காட்டி விடை சொல்கிறார் அப்பர். உறவே கோல், உணர்வே கயிறு. அவற்றைக் கொண்டு கடைபவர் முன் அவன் வந்து நிற்பான் என்கிறார்.

இப்பாடலை இன்று பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அமரும் பாட்டிக்கு ஓர் இடர் நேர்கிறது. "எந்தக் கோல் பாட்டி? கடைவதற்குக் கயிறு எதற்கு?" என்று குழந்தை கேட்கிறது. அது கண்டதெல்லாம் பொட்டலத்தில் வரும் வெண்ணெயும், பொத்தானை அழுத்தினால் சுழலும் மிக்ஸியும்தான். மத்தை அறியாத தலைமுறைக்கு அந்தப் பாடலின் சொற்கள் விளங்கும், பொருள் விளங்காது. ஆகவே மத்தின் அமைப்பை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பார்ப்பது, திருமுறைக்கு உரை காண்பதாகவே அமையும்.

மோரை ஆற்றுவதற்கு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டும் சிறு மத்து வேறு. வெண்ணெய் எடுக்கும் பெரிய மத்து வேறு. பெரிய மத்துக்கு உறுப்புகள் ஐந்து. முதலாவது, இடுப்பளவோ அதற்கு மேலோ உயர்ந்த நேரான மரக்கோல். இரண்டாவது, அதன் அடியில் உள்ள தலை. அரைக்கோளமாகச் செதுக்கிய கட்டையில் மேலிருந்து கீழாக ஆழ்ந்த பிளவுகள் வெட்டப்பட்டிருக்கும். பார்வைக்குப் பாதி மலர்ந்த தாமரை மொட்டுப் போலிருக்கும். மூன்றாவது, கோலைத் தூணோடு சேர்த்துப் பிடிக்கும் கயிற்று வளையங்கள். நான்காவது, கோலின் இடையில் இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றிய கடைகயிறு. ஐந்தாவது, வயிறு அகன்று வாய் குறுகிய தாழி. அது உருளாதிருக்க அடியில் பிரிமணை இருக்கும். தயிர் எழும்பிச் சிதற இடம் வேண்டும் என்பதால் தாழியை முழுதும் நிரப்புவதும் இல்லை.

இதில் ஒவ்வோர் உறுப்புக்கும் காரணம் உண்டு. கோலின் குறுக்களவு 3 சென்டிமீட்டர் என்று கொண்டால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 9½ சென்டிமீட்டர். கயிற்றை 45 சென்டிமீட்டர் இழுத்தால் மத்து ஏறத்தாழ 5 முறை சுழலும். உள்ளங்கையில் உருட்டினால் இத்தனை சுழற்சி கிட்டாது, மணிக்கட்டும் நோகும். கோல் இன்னும் மெலிதானால் சுழற்சி மிகும், ஆனால் இழுப்பதற்கு வலிமை கூடுதலாக வேண்டும். கோல் தடித்தால் இழுப்பது எளிது, சுழற்சி குறையும். ஏடு எழுதாத எத்தனையோ தாய்மாரும் தச்சரும் இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டு வைத்திருந்தனர்.

கயிற்றின் இரு முனைகளையும் இரு கைகளில் பற்றி மாறி மாறி இழுப்பதால் மத்து ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழல்கிறது. ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருந்தால் தயிரும் கூடவே சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும், அடி குறையும். திசை மாறும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருந்த தயிர் எதிர்வரும் தலையில் மோதுகிறது. அதன் பிளவுகளில் புகுந்து அறைபட்டுச் சிதறுகிறது. வெண்ணெய் திரள்வது அந்த மோதலினால்தான்.

வெண்ணெய் எங்கிருந்து வருகிறது? பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 100க்கு 4 பங்கு; எருமைப்பாலில் 7 பங்கு. அதாவது 10 கிலோ பசும்பாலில் 400 கிராம் அளவே கொழுப்பு. அதுவும் ஓரிடத்தில் இராது. கண்ணுக்குப் புலனாகாத கோடிக்கணக்கான நுண்துளிகளாகப் பால் முழுவதும் பரவியிருக்கும். ஒவ்வொரு துளியையும் மெல்லிய உறை ஒன்று மூடியிருப்பதால் அருகருகே இருந்தும் அவை ஒன்றோடொன்று சேர்வதில்லை. மத்து அந்த உறையைக் கிழிக்கிறது. உறை இழந்த துளிகள் ஒட்டுகின்றன, மணிமணியாகின்றன, பிறகு திரளாகின்றன. மத்து வெண்ணெயைப் புதிதாக உண்டாக்குவதில்லை. முன்பே உள்ளே இருந்ததை மூடியிருந்த திரையை நீக்குகிறது. பாலில் நெய் மறைந்து நிற்பதாகப் பெரியோர் சொன்னது வெறும் உவமை அழகன்று, உள்ளபடியே உண்மை.

இன்னொன்றும் வேண்டும்: தண்மை. பாலின் கொழுப்பு நம் உடலின் வெப்பத்திலேயே ஏறத்தாழ முழுதும் உருகிவிடக்கூடியது. வெயில் ஏறியபின் கடைந்தால் துளிகள் இளகி வழுகும். எவ்வளவு கடைந்தாலும் வெண்ணெய் கெட்டியாகத் திரளாது. அதனால்தான் ஆயர் மகளிர் விடியுமுன் கடைந்தனர். பதம் நெருங்கும்போது குளிர்ந்த நீரைத் தெளித்தனர். திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் விடியலின் அடையாளங்களுள் ஒன்றாகத் தயிர் கடையும் ஓசையை ஆண்டாள் வைத்தது இந்த வழக்கத்தை ஒட்டியே. அதே திருப்பாவை நிறைவெய்தும்போது, கடல் கடைந்த மாதவனைச் சொல்லி முடிகிறது. ஆயர் மனையின் தாழியும் திருப்பாற்கடலும் அவளுக்கு வெகுதொலைவில் இல்லை.

பாற்கடல் கடைந்த வரலாற்றிலும் இதே உறுப்புகளைக் காணலாம். மந்தரமலை கோல்; வாசுகி கயிறு; தேவரும் அசுரரும் இரு கைகள். தாங்குவதற்கு ஒன்றுமில்லாததால் மலை கடலுள் அமிழ்ந்தது. திருமால் ஆமையாகிக் கீழே தாங்கினார். மேலே இருந்தும் தம் கையால் மலையை அழுத்திப் பிடித்தார் என்று ஸ்ரீமத் பாகவதம் கூறுகிறது. வீட்டு மத்திலும் கீழே தாழியின் அடி, மேலே தூணின் வளையம் என இரண்டு பிடிப்புகள் உண்டு. இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் கோல் சாயும், தாழி உடையும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாக முடியும்.

அந்தக் கடலைக் கடைந்த கைகளையே பின்னாளில் அசோதை தன் கடைகயிற்றால் கட்டினாள் என்று ஆய்ச்சியர் குரவையில் வியக்கிறார் இளங்கோவடிகள். பாகவதத்தில் வருவதும் மத்தைச் சுற்றிய நிகழ்ச்சியே. வேலைக்காரப் பெண்கள் வேறு பணியில் இருந்த ஒரு நாளில் அசோதை தானே கடைகிறாள். மகனின் லீலைகளைப் பாடிக்கொண்டே கடைகிறாள். பால் உண்ண வந்த கண்ணன் மத்தைப் பற்றி நிறுத்துகிறான். அடுப்பில் பொங்கும் பாலை இறக்க அவள் ஓடியபோது தயிர்ப்பானையை உடைக்கிறான். பிறகு அவள் கட்ட முயன்ற கயிறு ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடை குறைந்தது. ஒரு விரற்கடை அடியவரின் முயற்சி, மற்றொன்று இறைவனின் கருணை. இரண்டும் சேர்ந்தாலன்றி அவன் கட்டுப்படான் என்று பெரியோர் விளக்கம் தருவர். இன்றும் உடுப்பியில் கண்ணன் வலக்கையில் மத்தும் இடக்கையில் கயிறுமாக நிற்கிறான். மன்னார்குடியில் பங்குனிப் பெருவிழாவின் வெண்ணெய்த்தாழி நாளில் இராசகோபாலன் தவழும் கண்ணனாக வீதியுலா வரும்போது அடியார்கள் அவன்மேல் வெண்ணெயை வீசி மகிழ்கின்றனர்.

இனி அப்பர் பெருமானிடம் திரும்பலாம். உறவைக் கோல் என்றது ஏன்? உணர்வைக் கயிறு என்றது ஏன்? மாற்றிச் சொல்லியிருக்கலாகாதா? மத்தைக் கண்டவர்க்கு விடை எளிது. கோல் இடம்விட்டு நகரக் கூடாது. நட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். கயிறோ இடையறாது போய்வந்துகொண்டிருக்க வேண்டும். இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவு, "நான் அவனுக்கு உரியேன்" என்னும் அன்பு, நாளுக்கொரு விதமாக ஆடக் கூடாது. உணர்வு என்பது ஒருநாள் பிடித்து மறுநாள் கைவிடுவதன்று. காலையும் மாலையும் ஓடித் திரும்ப வேண்டுவது.

கோல் நடாமல் கயிற்றை மட்டும் இழுப்பவர் உண்டு, நூல்களைக் கற்று வாதம் செய்வர், தாழி கவிழும். கோலை நட்டுவிட்டுக் கயிற்றைத் தொடாதவரும் உண்டு. "எனக்கும் சாமிமேல் அன்பு உண்டு" என்று சொல்லி இருந்துவிடுவர். மத்து தயிரில் நின்றபடியே நிற்கும், வெண்ணெய் வராது, தயிர்தான் புளிக்கும்.

கயிற்றை எவ்வளவு இறுக்குவது என்பதிலும் நுட்பம் உண்டு. சுற்று நெகிழ்ந்தால் கயிறு கோலின்மேல் வழுக்கி ஓடும். கை அசையும், மத்து சுழலாது. வாய் நாமம் சொல்ல, மனம் வேறிடத்தில் திரியும் வழிபாடு அத்தகையது. அதற்காகவே, தளராமல் வலித்துக் கடைய வேண்டும் என்ற குறிப்பையும் அப்பர் அந்தப் பாடலில் வைத்தார்.

இத்தனையிலும் வியப்பானது பாடிய இடம். கொதிக்கும் அறையில் வெண்ணெய் திரளாது. அவரோ தீயின் நடுவே அமர்ந்து கடைதலைப் பற்றிப் பாடினார். புறத்தே வெம்மை எவ்வளவு இருந்தாலும் அகம் விடியற்காலை போலத் தண்ணென்று இருந்தது என்பதற்கு அந்தப் பாடலே சான்று. முதற்பாடலில் அடுக்கிய குளிர்ச்சி நிறைவுப் பாடலுக்கு வேண்டிய பக்குவம். குளிரச் செய்து, பிறகு கடைந்தார்.

மத்திடம் முதியோர் கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. இரு கைகளும் ஒரே நேரத்தில் இழுத்தால் மத்து அசையாது. ஒரு கை இழுக்கும்போது மற்றக் கை விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லறத்தில் கணவனும் மனைவியும், மாமியாரும் மருமகளும், தந்தையும் மகனும் இழுத்துக்கொண்டே இருக்கும் வீடுகளில் வெண்ணெய் காண்பதற்கில்லை. முதுமை என்பது பெரும்பாலும் விடும் கையின் முறை. சாவிக்கொத்தையும் வரவு செலவையும் அடுத்தவரிடம் கொடுக்கும் காலம். ஆனால் ஒன்றைக் கருத வேண்டும்: விட்டுக்கொடுக்கும் கை கயிற்றின் முனையைக் கைவிடுவதில்லை. அந்தக் கையும் பிடித்திருந்தால்தான் மத்து சுழலும். விட்டுக்கொடுத்தல் வேறு, ஒதுங்கிவிடுதல் வேறு.

மிக்ஸியில் வெண்ணெய் எடுப்பதில் குற்றம் ஏதும் இல்லை. நோகும் கைகளுக்கு அது துணையே. ஆயினும் பரண்மேல் மத்து கிடக்கும் வீடுகளில், வரும் ஓர் அதிகாலையில் அதை இறக்கித் துடைக்கலாம். சிறு மத்தாயினும் போதும். ஒரு கிண்ணம் தயிரில், கயிற்றின் ஒரு முனையைப் பாட்டியும் மறுமுனையைப் பேரக்குழந்தையும் பற்றிக் கடையட்டும். தாத்தா கோலைச் சாயாமல் பிடித்துக்கொள்ளட்டும். நெல்லிக்காயளவு வெண்ணெய் திரண்டாலும் அதைக் கண்ணனுக்குப் படைத்துவிட்டு, அப்பரின் அந்தப் பாடலைச் சொல்லிக் கொடுக்கலாம். "கயிறு எதற்கு?" என்று குழந்தை இனிக் கேளாது, கயிற்றின் இழுப்பு அதன் கையிலேயே இருக்கும்.

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டுவதில்லை என்பர். தேடும் பொருள் அவரவர் தாழியினுள்ளேயே இருக்கிறது. கோலை நட்டு, நெஞ்சைக் குளிர்வித்து, நாள்தோறும் சிறிது கடைவோருக்கு அவன் முன்வந்து நிற்பான்.