இளையோர்க்கு எந்தப் பலகை?

ஹந்தானை மலைச்சாரலில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் இல்லை. பாடசாலை விட்டு வந்தபின் இருட்டும்வரை வீட்டினுள்ளேயே பொழுது கழிய வேண்டும். அப்பொழுதினை முன்பு பல்லாங்குழியும் தாயமும் நிரப்பின. இன்று கைத்தொலைபேசி விழுங்குகின்றது. ஒரே கூடத்தில் நால்வர் அமர்ந்திருந்தும் நால்வரும் தனித்திருக்கும் நிலையை நாம் நாளும் காண்கின்றோம். இந்நிலையில், புலம்பெயர்ந்த உறவினர் விடுமுறைக்கு வருகையில் கொணரும் பொருள்களுள் ஜேர்மானிய முறைப் பலகையாட்டங்களும் ஒன்றாகி வருகின்றன. இவற்றை என் செய்வது, எதிலிருந்து தொடங்குவது என்று ஆசிரியரும் பெற்றோரும் வினவுகின்றனர். அவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு தடையை நீக்கிவிடல் வேண்டும். பலகையும் காயும் என்ற அளவிலே சூதாட்டம் என்று அஞ்சுவார் நம்முட் பலர். பாண்டவர் நாடிழந்த கதையைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு இவ்வச்சம் இயல்பே. வள்ளுவரும் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, அதனைக் கள்ளுண்ணாமைக்கு அடுத்து வைத்தார். எனினும் அவர் கடிந்தது பொருளைப் பணயம் வைத்து, வென்றாலும் தோற்றாலும் நிறுத்த மாட்டாது ஆடும் வேட்கையையே. பணயம் இன்றி, முடிவும் வரையறுக்கப்பட்டு, அறிவினால் ஆடப்படும் ஆட்டம் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று.

இனி, ஜேர்மானிய முறை என்பது யாது? ஜேர்மனியில் ஆண்டுதோறும் சிறந்த குடும்ப ஆட்டத்தைத் தேர்ந்து பரிசளிக்கும் வழக்கம் 1979ஆம் ஆண்டு முதல் உளது. ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’, அதாவது ‘ஆண்டின் ஆட்டம்’ என்பது அப்பரிசின் பெயர். அதன் வழியே வளர்ந்த ஆட்டங்களுக்குச் சில பொதுவியல்புகள் உண்டு. தோற்பவர் இடையிலே வெளியேற்றப்படார். கடைசிவரை அனைவரும் ஆடுவர். தற்செயலுக்கு இடமுண்டு; ஆயினும் முடிவைப் பெரிதும் நிருணயிப்பது சிந்தனையே. ஒருவரை அழிப்பதனால் அன்றித் தமக்குரியதைக் கட்டி எழுப்புவதனால் வெற்றி வரும். ‘மொனோபொலி’ ஆடிய இல்லங்களில், முதலில் பொருளிழந்த தம்பி ஒரு மூலையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் ஏங்கியதை அறிந்தோர் இவ்வேறுபாட்டின் அருமையை உடனே உணர்வர்.

அப்பரிசை முதன்முதற் பெற்ற ஆட்டம் ஆங்கிலேயரான டேவிட் பார்லெட் என்பார் இயற்றிய ‘முயலும் ஆமையும்’. நாமெல்லாம் அறிந்த நீதிக்கதையே அதன் பொருள். அதிற் பகடைக்காய் இல்லை. ஓரடி நகர ஒரு கரட் கிழங்கு கொடுத்தல் வேண்டும், ஒரே முறையில் ஈரடி நகர மூன்று, மூவடிக்கு ஆறு, நாலடிக்குப் பத்து. விரைந்து ஓடுபவன் விரைவிலே வறியவனாகின்றான். வகுப்பறையில் நாம் சொல்லி வைக்கும் நீதியைப் பிள்ளை தானே கணக்கிட்டுக் கண்டுகொள்கின்றது. நல்ல ஆட்டத்தின் ஆற்றல் இதுவேயாம்.

தொடக்கத்தார்க்கு ஆட்டம் தேர்வோர் ஐந்து செய்திகளை நோக்குதல் நன்று. விதிகளைப் பத்து நிமிடத்திற் சொல்லி முடிக்கக் கூடுமா? ஆட்டம் ஒரு மணி நேரத்துள் நிறைவுறுமா? காய்களிலும் சீட்டுகளிலும் வாசிக்க வேண்டிய அயன்மொழிச் சொற்கள் மிகுந்துளவா? வீட்டிலும் வகுப்பிலும் வழக்கமாகக் கூடுவோர் தொகைக்கு அது பொருந்துமா? முதன்முறை ஆடுபவனுக்கும் இறுதிவரை நம்பிக்கை இருக்குமா? இவற்றுள் மூன்றாவது நம் நாட்டிற்குப் பெரிதும் உரியது. தமிழ், சிங்களம் என இரு மொழியினரும் அடுத்தடுத்து வாழும் கண்டிச் சூழலில், எழுத்தின்றி உருவத்தாலும் நிறத்தாலும் விளங்கும் ஆட்டமே அனைவரையும் ஒரு பாயில் இருத்தும்.

இவ்வளவைகளால் நோக்குமிடத்து முதற்பலகை நம் வீட்டுப் பல்லாங்குழியே ஆதல் தகும். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். விதைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் எளிய விதி. ஆயினும் எந்தக் குழியிலிருந்து எடுப்பது என்பதில் முன்னோக்கும் கணக்கு. சிங்கள அயலாரிடத்து இதற்கு நெருங்கிய உறவாக ‘ஒலிந்த கெலிய’ உளது. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் அதனை விரும்பி ஆடுவர். ஒலிந்த என்பது நமது குன்றிமணியே. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரு பலகையைத் தத்தம் சொந்தப் பலகையாகக் கொள்ளலாம் என்பது சிறிய செய்தியன்று. ஆயின் ஓர் எச்சரிக்கை: குன்றிமணி கொடிய நஞ்சுடையது. சிறுவர் கையிற் புளியங்கொட்டையோ சோழியோ கொடுத்தலே முறை.

அதன்பின் ‘கார்க்கசோன்’. பிரான்சு நாட்டின் மதில் சூழ்ந்த பழைய நகரொன்றின் பெயரால் 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, அடுத்த ஆண்டிற் பரிசு பெற்றது. சதுர அட்டைகள் 72. முறைக்கு ஓர் அட்டை எடுத்து, பாதை பாதையோடும் மதில் மதிலோடும் இணையுமாறு வைத்தல் வேண்டும். வாசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. வயல்களுக்குப் புள்ளியிடும் விதி மட்டும் சற்றுக் கடினம். முதற்சில ஆட்டங்களில் அதனை விலக்கிவிடலாம். மூன்றாவதாக, ஆலன் மூன் இயற்றி 2004இற் பரிசு பெற்ற ‘டிக்கெட் டு ரைட்’. நிறச் சீட்டுகளைச் சேர்த்து ஊருக்கு ஊர் புகையிரதப் பாதை அமைத்தல் இதன் பொருள். ஒரு முறையிற் செய்யக்கூடியவை மூன்றே ஆதலாற் புதியவர் தடுமாறார்.

பலர் முதலில் வாங்குவது 1995இல் கிளவுஸ் டொய்பர் இயற்றிய ‘கட்டான்’. அதனை நான்காம் படியாக வைத்தலே நலம். மரம், செங்கல், கம்பளி, தானியம், கனிமம் என்னும் ஐந்தையும் பண்டமாற்றுச் செய்து குடியிருப்புகளை அமைக்க வேண்டும். பேரம் பேசும் துணிவு அதற்கு வேண்டும். கூச்சமுள்ள பிள்ளை தொடக்கத்தில் ஒடுங்கிவிடக் கூடும். பழகியபின்போ அது கணித ஆசிரியர்க்கு ஒரு வரப்பிரசாதம். இரு பகடைகள் விழும் வகை 36. அவற்றுள் ஏழு வருவது ஆறு வழிகளில். ஆறும் எட்டும் தனித்தனி ஐந்து வழிகளில். இரண்டும் பன்னிரண்டும் ஒவ்வொரு வழியிலேயே. எங்கே வீடு கட்டுவது என்று தேரும் மாணவன் நிகழ்தகவினைப் பெயரறியாமலே கற்றுவிடுகின்றான்.

ஆடுபுலியை ஏன் விட்டீர் என்பார்க்கு விடை கூறுவோம். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் அவ்வாட்டம் நம் முன்னோர் நுண்ணறிவுக்குச் சான்று. வலியாரை எளியார் ஒற்றுமையால் அடைக்கலாம் என்பதை அதனினும் தெளிவாகக் காட்டும் பலகை அரிது. ஆயினும் அது இருவர்க்கே உரியது. ஒரு பிழை நேரின் ஆடுகள் சிதறும். ஆதலின் சிறிது பயின்றோர்க்கு அதனை வைத்தோம்; தாழ்வு கருதி அன்று.

ஆட்டத்தைத் தேர்வதினும் அதனைக் கற்பிப்பது அரிது. விதிநூலைத் தொடக்கம் முதல் இறுதிவரை வாசித்துக் காட்டும் ஆசிரியர், ஆட்டத்தையும் ஒரு பாடமாக்கிக் கொன்றுவிடுவார். இலக்கு இது, உன் முறையிற் செய்யத்தக்கவை இவை என்று மட்டும் உரைத்துத் தொடங்குக. எஞ்சியன ஆடுகையில் விளங்கும். பிள்ளையின் காயைப் பெரியோர் நகர்த்துதல் கூடாது. தவறாக ஆடும் உரிமை அதற்கு உண்டு. அத்தவற்றினின்றே அறிவு பிறக்கும்.

இவ்வாட்டங்களின் விலை தோட்டப் பாடசாலைகளுக்கு எட்டாதது என்பதை மறந்தோமல்லோம். ஒரு வலயத்துப் பாடசாலைகள் சில சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி மாறி மாறிப் பயன்கொள்ளலாம். அதனினும் மேலான வழி ஒன்றுளது: நம் பொருளில் நாமே இயற்றுதல். கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். பாதை பதுளையை எட்டியது 1924இல். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே 1867இல். ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை அரும்பொருட்சாலையாக நிற்கின்றது. கொழுந்து பறித்து, வாட்டி, அரைத்து, உலர்த்தி, பெட்டியிலடைத்துப் புகையிரதமேற்றும் வரலாறு ஒரு பலகையாட்டத்துக்கு என்ன குறையுடையது? பாட்டன் பாட்டியர் உழைப்பை மலையகப் பிள்ளை மட்டையில் வரைந்து, விதி வகுத்து, அயலவனையும் அழைத்து ஆடினால் அது வரலாற்றுப் பாடமும் ஆகும், உறவும் ஆகும்.

பாடசாலைத் தமிழ் மன்றங்களும், ஹந்தானை அடிவாரத்திலேயே வாழும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரும் இப்பணியிற் கைகொடுத்தல் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, ஒரு பாய், ஒரு பல்லாங்குழிப் பலகை, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை: தொடங்குவதற்கு இவை போதும்.