பொய் சொல்லாத ஸ்கோப்

குறைந்த விலையில் ரைஃபிள் ஸ்கோப் வாங்கும் புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் லென்ஸில் அல்ல, திருகில்.

2024 ஆகஸ்ட் 1. பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நடந்த சாட்டோரூ நகரில், மத்திய ரயில்வேயின் டிக்கெட் பரிசோதகரான ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகள் எடுத்து வெண்கலம் வென்றார். அவர் குறிவைத்த இலக்கில் 10 புள்ளிக்கான வட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. வியப்பு அதோடு முடியவில்லை. அவரது ரைஃபிளில் டெலஸ்கோப் கிடையாது. கண்ணருகே ஒரு சிறு துவாரம், குழல் முனையில் ஒரு வளையம். அவ்வளவுதான். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் டெலஸ்கோப்புக்கு அனுமதி இல்லை.

குசாலே சுட்ட அதே .22 தோட்டாவை வைத்து அமெரிக்காவில் வேறொரு விளையாட்டு வளர்ந்திருக்கிறது. அங்கே ஸ்கோப் இல்லாமல் யாரும் களத்தில் இறங்குவதில்லை. 2017-இல் தொடங்கிய 'என்.ஆர்.எல். 22' அதில் முக்கியமானது. மாதந்தோறும் ஒரே போட்டித் திட்டம் வெளியாகும். நாடெங்கும் உள்ள கிளப்புகள் அதைத் தங்கள் மைதானத்திலேயே நடத்திப் புள்ளிகளை அனுப்பும். 100 கஜம் வரை வெவ்வேறு தூரங்களில் சின்னச் சின்ன இரும்புத் தகடுகள். ஏணி, நாற்காலி போன்ற வீட்டுச் சாமான்கள்மீது ரைஃபிளைச் சாய்த்து, இரண்டு நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும்.

இந்தப் போட்டியை வகுத்தவர்கள் செய்த நல்ல காரியம், சாமானியர்களுக்கென்று ஒரு பிரிவு வைத்தது. ரைஃபிளும் ஸ்கோப்பும் சேர்ந்து பட்டியல் விலை ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. தொடக்க ஆண்டுகளில் அது சுமார் 1,000 டாலர். வசதி படைத்தவரின் துப்பாக்கியோடு மாதச் சம்பளக்காரரின் துப்பாக்கி மோத வேண்டியதில்லை. ஆனால் இந்த வரம்பே ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. ரைஃபிளுக்குப் போக மிச்சமிருக்கும் நானூறு, ஐநூறு டாலரில் எந்த ஸ்கோப்பை வாங்குவது?

புதியவர்களின் கண் முதலில் போவது உருப்பெருக்கத்தின் மீது. 24 மடங்கு என்று எழுதியிருந்தால் 12 மடங்கைவிட இரண்டு பங்கு நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். நடப்பது வேறு. உருவம் பெரிதாகும்போது கையின் நடுக்கமும் பெரிதாகத் தெரிகிறது. பார்வைப் பரப்பு சுருங்கி, அடுத்த தகடு எங்கே என்று தேடுவதிலேயே நேரம் கரைகிறது. வெளிச்சமும் குறைகிறது. முன்பக்க லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் 24 மடங்கு வைத்தால் அது வெறும் 2 மி.மீ. தலை இம்மி அசைந்தாலும் காட்சி கருத்துவிடும். 12 மடங்கில் அதுவே 4 மி.மீ. அவசரப் போட்டிக்கு இதுதான் தோது. 24 மடங்கு ஸ்கோப் வைத்திருப்பவர்களிலும் பலர் அதைப் பாதியில் வைத்தே சுடுகிறார்கள்.

விலைச்சீட்டில் கடைசி வரியில் ஒளிந்திருக்கும் இன்னொரு அம்சத்தைத்தான் முதலில் தேட வேண்டும். பள்ளி இயற்பியலில் 'இடமாறு தோற்றப் பிழை' என்று படித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முள் ஒரு நிமிடம் தள்ளித் தெரிவதைப் போல, கண் நடுவிலிருந்து விலகினால் ஸ்கோப்பின் குறுக்குக் கோடும் இலக்கின் மீது நகர்ந்து தெரியும். குறிப்பிட்ட ஒரு தூரத்தில் மட்டும் இந்தப் பிழை இருக்காது. வேட்டைத் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளில் அந்தத் தூரத்தைத் தொழிற்சாலையிலேயே 100 கஜம் அல்லது அதற்கு மேல் என்று நிரந்தரமாக வைத்துவிடுவது வழக்கம்.

மானைச் சுடுபவருக்கு அது போதும். .22 போட்டியில் இலக்கு 25 கஜத்திலும் வரும், 50-லும் வரும். 40 மி.மீ. லென்ஸ் உள்ள ஸ்கோப் 100-க்கென்று பூட்டப்பட்டிருந்தால், 50-இல் கண் ஓரத்துக்குப் போகும்போது குறி 10 மி.மீ. வரை தவறலாம். குசாலேயின் 10 புள்ளி வட்டத்தை முழுசாக விழுங்கிவிடும் தவறு அது. ஏணிமேல் வளைந்து நெளிந்து சுடுகையில் கண் நடுவில் நிற்கும் என்று நம்ப முடியாது. எனவே தூரத்துக்கேற்ப இதைச் சரிசெய்துகொள்ளும் வளையமோ பக்கவாட்டுக் குமிழோ இருக்க வேண்டும். அதுவும் 10 கஜம் வரை இறங்க வேண்டும். 50 கஜத்திலேயே நின்றுவிடும் ஸ்கோப், எவ்வளவு பேர் பெற்றதானாலும் இந்த விளையாட்டுக்கு ஆகாது.

அடுத்தது திருகு. .22 தோட்டாவின் ஈயக் குண்டு சுமார் 2.6 கிராம். போட்டித் தோட்டாவில் அது ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே பறக்கிறது. அதனால் சீக்கிரம் தாழ்கிறது. 50 கஜத்தில் சரியாகப் படும்படி வைத்தால், 100 கஜத்தில் ஏறக்குறைய 18 செ.மீ. கீழே போகும். 200 கஜத்தில் ஒரு மீட்டருக்கு மேல். 300-இல் மூன்று மீட்டரைத் தாண்டிவிடும். ஒவ்வொரு தூரத்துக்கும் ஸ்கோப்பின் மேல் திருகைச் சுழற்றி இந்தத் தாழ்வை ஈடுகட்ட வேண்டும்.

திருகின் அளவை இரண்டு வகை. 'எம்.ஓ.ஏ.' என்பது கோண நிமிடம். 100 மீட்டரில் சுமார் 29 மி.மீ. 'மில்' என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 10 செ.மீ. மில் திருகின் ஒரு 'கிளிக்' அதில் பத்தில் ஒன்று, அதாவது ஒரு செ.மீ. மெட்ரிக் கணக்கில் வளர்ந்தவருக்கு மில் எளிது. எது உயர்ந்தது என்ற சண்டை வீண். ஆனால் திருகும் உள்ளே தெரியும் கோடுகளும் ஒரே அளவையில் இருக்க வேண்டும். கோடு மில்லிலும் திருகு எம்.ஓ.ஏ.யிலும் உள்ள ஸ்கோப் மலிவாகக் கிடைத்தாலும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில் மனக்கணக்குப் போட வைக்கும்.

விலை குறைந்த ஸ்கோப்புகள் பொய் சொல்லத் தொடங்குவது இந்தத் திருகில்தான். ஐந்து மில் ஏற்றினால் ஐந்து மில் ஏறுகிறதா? இறக்கினால் பழைய இடத்துக்கே வருகிறதா? சில ஸ்கோப்புகள் வருவதில்லை. இது ஒன்றும் சின்ன விஷயமல்ல. தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் புதியவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறார். மூச்சை மாற்றிப் பார்க்கிறார், விரலை மாற்றிப் பார்க்கிறார், தோட்டாவை மாற்றிப் பார்க்கிறார். நன்றாக இருந்த பழக்கத்தையும் கெடுத்துக்கொள்கிறார். சில மாதங்களில் 'நமக்கு இது வராது' என்று துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். மங்கலான லென்ஸ் கண்ணைத்தான் சோர்வடையச் செய்யும். பொய் சொல்லும் திருகு ஆளையே சோர்வடையச் செய்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஏதும் வேண்டாம். ஓர் ஆள் உயரக் காகிதத்தில் தூக்குக்குண்டு நூல் பிடித்து நேர்க்கோடு வரைந்து, சரியாக அளந்த 50 மீட்டரில் தொங்கவிட வேண்டும். ரைஃபிளை அசையாமல் இறுக்கிவிட்டு, ஐந்து மில் திருகினால் குறுக்குக் கோடு 25 செ.மீ. நகர வேண்டும். 24 செ.மீ.தான் நகர்ந்தது என்றால் நூற்றுக்கு நான்கு பிழை. 200 கஜத்தில் இது 5 செ.மீ. தவறாக வளரும். பரவாயில்லை, எப்போதும் அதே நான்கு என்றால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒருநாள் நான்கு, மறுநாள் ஒன்று என்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதே வழி. அதன்பின் இரண்டு மில் மேலே, வலது, கீழே, இடது என்று சதுரமாகத் திருகிச் சுட்டுப் பார்க்க வேண்டும். கடைசிக் குண்டு முதல் துளையருகே விழுந்தால் அந்த ஸ்கோப்பை நம்பலாம்.

100 கஜத்தோடு நிற்பவருக்குத் திருகின் மொத்த ஓட்டம் பிரச்சினையே அல்ல. இரண்டு மில் போதும். 300 கஜப் போட்டிகளில் ஆசை வைப்பவர் கவனிக்க வேண்டும். மொத்தம் 60 எம்.ஓ.ஏ. ஓட்டமுள்ள ஸ்கோப்பில், நடுவிலிருந்து மேலே போக மிஞ்சுவது 30. மில் கணக்கில் ஒன்பதுக்கும் குறைவு. 300 கஜத்துக்கோ பன்னிரண்டுக்கு மேல் வேண்டும். இதற்காக அதிக விலை ஸ்கோப் தேவையில்லை. 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள ஒரு சிறு அடிச்சட்டம் கிட்டத்தட்ட ஆறு மில்லைக் கூட்டித் தந்துவிடும்.

குறுக்குக் கோடு எந்தக் குவிய தளத்தில் அமைகிறது என்பது கடைகளில் அதிகம் பேசப்படும் விஷயம். முதல் தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்தோடு கோடும் சேர்ந்து வளரும். அளவுக் கோடுகள் எப்போதும் உண்மை சொல்லும். இரண்டாம் தளத்தில் இருந்தால், பெரும்பாலும் உச்ச உருப்பெருக்கத்தில் மட்டுமே அவை சரி. திருகாமல் அளவுக் கோட்டைப் பிடித்தே சுட நினைப்பவருக்கு முதல் தளம் வசதி. ஆனால் குறைந்த உருப்பெருக்கத்தில் அந்தக் கோடு தலைமுடிபோல மெலிந்துவிடும். ஒவ்வொரு தூரத்துக்கும் திருகியே சுடுபவர் இரண்டாம் தளத்தில் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

.22-க்கு ஒரு சலுகையும் உண்டு. பெரிய ரைஃபிள்போல அது உதைப்பதில்லை. ஆகவே பலத்த உதையைத் தாங்கும் உறுதிக்காக இங்கே பணம் கொடுக்க வேண்டியதில்லை. அத்லான் ஆர்கோஸ், வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் டாக்டிகல் போன்ற நடுத்தர விலை ஸ்கோப்புகள் புதியவர்களின் ரைஃபிள்களில் அடிக்கடி காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்விரண்டிலும் 6 முதல் 24 மடங்கு, முதல் தளம், 10 கஜம் வரை இறங்கும் பக்கவாட்டுக் குமிழ் எல்லாம் கொண்ட மாதிரி உண்டு. ஆனாலும் பெயரை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல. ஒரே பெயரில் நாலு வகை வரும். காகிதச் சோதனையில் தேறுவது கையிலிருக்கும் அந்த ஒரு ஸ்கோப்தான்.

வாங்கி வந்த பிறகும் கெடுத்துக்கொள்ள வழி உண்டு. ஸ்கோப்பை மூன்று டிகிரி சாய்த்துப் பொருத்திவிட்டால், 200 கஜத்துக்குத் திருகும்போது குண்டு பக்கவாட்டில் ஏறக்குறைய 7 செ.மீ. விலகும். அதைக் காற்றின் மீது பழி போட்டுக்கொண்டிருப்பார்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போன்ற ஒன்று போதும். வளையத்தின் ஆணிகளை வெறிகொண்டு முறுக்கவும் கூடாது. குழாய் நசுங்கினால் உள்ளிருக்கும் திருகு சிக்கும்.

ரைஃபிளுக்குச் செலவழித்த அளவு ஸ்கோப்புக்கும் செலவழி என்று மூத்த வீரர்கள் சொல்வதுண்டு. பெரிய ரைஃபிளுக்கு அது பொருந்தலாம். .22-இல் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மிச்சத்தைத் தோட்டாவில் போடுவது புத்திசாலித்தனம். ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த தோட்டா வேறு. நாலைந்து வகை வாங்கிச் சுட்டுப் பார்த்தால்தான் எது என்று தெரியும். அதற்குப் பிறகு, நாற்காலி மேலும் ஏணி மேலும் சாய்ந்து சுட்டுப் பழக இன்னும் சில பெட்டிகள்.

ஸ்கோப்பே இல்லாமல் ஒலிம்பிக் மேடையேறிய குசாலேயும் இப்படிப் பல ஆண்டுகள் சுட்டுப் பழகியவர்தான். அவரது ரைஃபிளில் ஒரு துவாரமும் ஒரு வளையமும்தான். ஆனால் இரண்டும் வைத்த இடத்திலேயே நின்றன. தவறு நேர்ந்தால் அது யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்காது. நானூறு டாலர் ஸ்கோப்பிடம் புதியவர் கேட்க வேண்டியதும் அந்த ஒன்றைத்தான்.