கூட்டத்தின் கை நீதியின் கை அன்று

ஜெயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிச் சோழர் ஆண்ட காலத்தில், வேட்டையில் எய்த அம்பு தவறி ஒருவர் மாண்டால் ஊரார் என்ன செய்தனர்? எய்தவனை அடித்துக் கொன்றனரா? இல்லை. கூடி ஆராய்ந்தனர், பகையா, பிழையா எனப் பிரித்தறிந்தனர். பிழையெனில், கோயிலில் நந்தா விளக்கெரிக்க ஆடுகள் அளிக்கச் செய்தனர். கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. இறப்பவற்றைக் குட்டிகள் ஈடுசெய்ய, எண்ணிக்கை குறையாது நிற்கும் மந்தை என்பது பொருள்.

இன்று நாம் காண்பது என்ன? 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் ‘பிள்ளை பிடிப்பவள்’ என்று அடித்துக் கொல்லப்பட்டார். கைப்பேசி வதந்தியே சாட்சி, கூட்டமே நீதிபதி, கூட்டமே கொலையாளி!

2015-இல் தாத்ரியிலும் 2017-இல் அல்வரிலும் மாட்டின் பெயரால் நம்மவர் கொல்லப்பட்டபோது கண்ணீர் வடித்தோம். அதே நாம், நம் தெருவில் திருடனென்று ஒருவனைக் கம்பத்தில் கட்டினால், “நாலு சாத்து சாத்துங்கள்” என்று சொல்லலாமா?

“மார்க்கத்திலேயே கிஸாஸ் உண்டே” என்பாரும் உளர். அறியாமை! கிஸாஸ் என்பது கொலைக்கும் காயத்துக்கும் உரிய சமமான தண்டனை, பழிவெறி அன்று. அதற்குப் ‘பய்யினா’ எனும் தெளிந்த சான்று வேண்டும். காஜியின் தீர்ப்பு வேண்டும். கொல்லப்பட்டவரின் வாரிசுகள் மன்னிக்கவும் இடமுண்டு. தவறுதலான கொலைக்கோ ‘தியத்’ எனும் ஈட்டுப்பொருள்தான். இவற்றுள் கூட்டத்துக்கு இடம் எங்கே?

நம் நாட்டில் தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது. 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம், காஜிக்குக்கூட நீதி வழங்கும் அதிகாரம் தரவில்லை. காஜிக்கு இல்லாத அதிகாரம் கடைத்தெருக் கூட்டத்துக்கு எங்கிருந்து வந்தது? கண்ணெதிரே கடுங்குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம். ஆயின் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 2023-இல் இயற்றப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டம். பிடிக்கத்தான் உரிமை, அடிக்க அன்று.

ஜமாஅத்தாரே, ஆலிம் பெருமக்களே! இதை ஜும்ஆ மேடைகளில் எடுத்துரையுங்கள். தாய்மார்களே! வதந்தியை நம்பாதிருக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அநியாயம் இழைக்கும் சகோதரனுக்கும் உதவ வேண்டும், அவன் கையைத் தடுப்பதே அவ்வுதவி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நம் தெருவில் அடுத்த கை ஓங்கும்போது, அதைப் பிடித்து நிறுத்தும் கை நம்முடையதாக இருக்கட்டும்!