மூடிய கண்ணாடிக்குள் ஒரு கொடி



வேலையினிமித்தமும் பிள்ளைகளின் படிப்பினிமித்தமும் சித்தூரிலும் திருப்பதியிலும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் அநேகருக்குத் தோட்டம் இல்லை. வாடகை வீடு, இரண்டு அறைகள், ஒரு ஜன்னல், அவ்வளவே. கோடை விடுமுறையில் பதினைந்து நாள் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பினால், தொட்டிச் செடிகள் கருகிக் கிடக்கும். இப்படிப்பட்ட வீட்டிற்கு ஏற்றது, மூடிய கண்ணாடி ஜாடிக்குள் வளரும் கொடி. அதைக் குறித்து இம்மாதம் பார்ப்போம்.

சேஷாசல மலைத்தொடரிலுள்ள தலகோனா அருவிக்குச் சென்றவர்கள், அங்கே மரங்களைப் பற்றி ஏறும் கொடிகளைக் கண்டிருப்பீர்கள். சுற்றிலும் வறண்ட பூமி. அந்தப் பள்ளத்தாக்கிலோ நிழலும் ஈரமும் உண்டு. வெப்பமண்டலக் கொடிகளுக்கு வேண்டியவை இவ்விரண்டே. கண்ணாடி ஜாடி ஈரத்தைத் தரும். நிழலை நாம்தான் தரவேண்டும்.

இம்முறை எப்படித் தோன்றியது? ஏறக்குறைய 1829-ஆம் ஆண்டில், லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து, கண்ணாடிக் குப்பியில் மூடி வைத்தார். அம்மண்ணில் ஒரு சிறு பெரணியும் புல்லும் முளைத்தன. வடக்கு நோக்கிய ஜன்னலுக்கு வெளியே அக்குப்பியை வைத்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் யாரும் நீர் ஊற்றாமலே அவை வாழ்ந்தன. வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக வெளிவிட, அந்த ஆவி கண்ணாடியில் துளியாகி மண்ணுக்கே திரும்பியது. கடைசியில் அவை எதனால் மடிந்தன தெரியுமா? மூடி துருப்பிடித்து, மழைநீர் அளவுக்கு மிஞ்சி உள்ளே புகுந்ததினால் மடிந்தன!

நம் நீலகிரிக்கும் இதில் ஒரு சரித்திரம் உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்தைத் தருவது சின்கோனா மரப்பட்டை. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டுச் சின்கோனாக் கன்றுகளை வார்டின் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து உதகைக்குக் கொண்டுவந்தார். வழியில் நேர்ந்த தாமதமும் செங்கடலின் கடும் வெப்பமும் அவற்றை வாட்டின. ஏறக்குறைய எல்லாமே மடிந்தன. ஈக்வடாரிலிருந்து அதேவிதமான பெட்டிகளில் அனுப்பப்பட்ட கன்றுகளோ 1861-இல் உயிரோடு உதகையை அடைந்தன. அவற்றைக் கொண்டும், வந்து சேர்ந்த விதைகளைக் கொண்டும் அங்கே தோட்டங்கள் உருவாயின. கண்ணாடி ஈரத்தைக் காக்கும். வெப்பத்தைத் தடுக்காது என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

இனி, செய்யும் விதத்தைக் கவனியுங்கள்.

முதலாவது, மண். வாய் அகன்ற, நிறமற்ற ஊறுகாய் ஜாடியை நன்கு கழுவிக் காயவையுங்கள். அடியில் ஓர் அங்குலம் கூழாங்கல், அதன்மேல் சிறிது அடுப்புக்கரி, அதன்மேல் தேங்காய் நார்க்கழிவும் இலைமக்கும் மணலும் கலந்த மண்ணை மூன்று அங்குலம் இடுங்கள். உரம் வேண்டாம், உரமிட்டால் கொடி விரைவில் ஜாடியை அடைத்துவிடும்.

இரண்டாவது, கொடி. சுவரில் படரும் சிற்றிலை அத்திக்கொடி மிகவும் பொருந்தும். மணிபிளான்ட்டும் வளரும், ஆனால் அடிக்கடி கத்தரிக்க வேண்டும். ஒரு கணுவும் ஓர் இலையும் உள்ள துண்டை, கணு மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். மணிபிளான்ட் இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரியும். ஆகையால் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு ஜாடிக்குள்ளேயே தங்கிவிடும். மழைநீரோ வடிகட்டிய நீரோ நல்லது. மண்ணைக் கையில் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. ஆனால் பிடி உருண்டையாக நிற்கவேண்டும். காலையில் கண்ணாடியில் பனி படிந்து நண்பகலில் தெளிந்தால் அளவு சரியே. நாள் முழுதும் நீர் வழிந்தால் மூடியைச் சில மணிநேரம் திறந்து வையுங்கள். பல நாள் பனியே படியாவிட்டால் இரண்டு தேக்கரண்டி நீர் போதும்.

நான்காவது, இடம். வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் திருப்பதியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. வெயில் படும் மூடிய ஜாடியின் உட்புறம் அதைவிடச் சூடேறும்; ஒரே பிற்பகலில் கொடி வெந்துபோகும். வடக்கு ஜன்னலிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளி வையுங்கள்.

ஊருக்குப் புறப்படும் நாளில்தான் அநேகர் தவறிவிடுகிறார்கள். "பதினைந்து நாள் யார் பார்ப்பார்கள்?" என்று ஒரு குவளை நீரை ஊற்றி, வெளிச்சம் கிடைக்கட்டும் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனாலும் வார்டின் பெரணியைக் கொன்ற நீரும், மார்க்கத்தின் கன்றுகளை வாட்டிய வெப்பமும் அங்கே ஒன்றுசேருகின்றன. நீங்களோ ஒரு துளியும் ஊற்றாமல், வீட்டிலேயே குளிர்ந்த அறையில், வெயில் எட்டாத தரையில் ஜாடியை வைத்து, கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாய்ப் போய் வாருங்கள். திரும்பி வரும்போது கொடியில் ஒரு புதிய இலை விரிந்திருக்கவும் கூடும்.