எலும்பு முறியலைன்னா இழப்பீடு கிடையாதா?

சிக்னலில் நிற்கும் பைக்கைப் பின்னால் வந்த கார் இடிக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. 'ஒண்ணுமில்லப்பா, விடு' என்கிறார்கள் நண்பர்கள். கார்காரர் கொடுத்த 2,000 ரூபாயோடு விஷயம் முடிகிறது. பத்து நாளாகியும் முட்டி வீக்கம் குறையவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் ஜவ்வு கிழிந்தது தெரிகிறது.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜவ்வு, தசைக் காயங்கள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆனால் சட்டம் எலும்பை மட்டும் பார்ப்பதில்லை. 15 நாட்கள் கடும் வலியோ, அன்றாட வேலையைச் செய்ய முடியாத நிலையோ இருந்தால் அதுவும் கொடுங்காயம்தான் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு. பழைய ஐ.பி.சி.யில் இது 20 நாட்கள்.

கொடுங்காயம் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில், யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலேயே 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம். மருத்துவச் செலவு, சம்பள இழப்பு அதைத் தாண்டினால் 166-வது பிரிவு இருக்கிறது. அதில் எதிராளியின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். மனுவுக்குச் சட்டம் சொல்லும் கெடு, விபத்து நாளிலிருந்து 6 மாதம்.

வலி கண்ணுக்குத் தெரியாது. அதற்குச் சாட்சி காகிதம்தான். அன்றே பதிவான ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், பிசியோதெரபி ரசீது, ஆபீஸ் லீவ் கணக்கு எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கும் பொறுப்பு உண்டு. முதல் நாள் எழுதிய 'சாதாரணக் காயம்' என்ற ஒரு வரியே கடைசித் தீர்ப்பாகிவிடக் கூடாது. 15-வது நாளும் நொண்டிக்கொண்டு வருபவரின் வலியும் பதிவாக வேண்டும்.