காட்டுநாய்க்கு வீசிய எலும்புத் துண்டு



நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதன்முதலில் கற்றுத்தரப்படும் நற்செயல்களில் ஒன்று, வாயில்லா உயிர்களுக்கு உணவளிப்பது. ஸஹனில் மிஞ்சிய சோற்றைப் பூனைக்கும் காக்கைக்கும் எடுத்துவைக்காத உம்மாமார்களைக் காண்பது அரிது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்த செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உணவளிப்பது தவறாகவும் ஆகக்கூடும் என்று எவரேனும் சொன்னால் நம் மனம் எளிதில் ஏற்பதில்லை. எங்கள் மனமும் ஏற்கவில்லை. சென்ற விடுமுறையில் ஒரு மணல்தீவில் கழித்த மூன்று இரவுகள் அதனை எங்களுக்குக் கற்பித்தன.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரையோரத்தில் உள்ளது கர்ரி தீவு. நெடுங்காலம் ஃப்ரேசர் தீவு என்று வழங்கிவந்த அதற்கு, அந்த மண்ணின் பூர்வகுடிகளான புட்சுல்லா மக்கள் வைத்திருந்த பெயர் 2023-ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாக மீட்டளிக்கப்பட்டது. உலகிலேயே மிகப் பெரிய மணல்தீவு இதுதான். நீளம் 120 கிலோமீட்டருக்கும் மேல். 1992-ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்று. மணலைத் தவிர வேறேதுமில்லாத இடத்தில் வானளாவிய மழைக்காடும், நன்னீர் ஏரிகளும், தெளிந்த ஓடைகளும் இருப்பதைக் காணும்போது, சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க இயலாது.

இங்கு வாழும் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் மூன்று குடும்பத்தார், நான்கு சக்கர இயக்கமுள்ள மூன்று வண்டிகளில் புறப்பட்டோம். சாதாரணக் கார்கள் அந்தத் தீவில் செல்ல இயலாது. வண்டிக்கும் கூடாரத்துக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு முன்கூட்டியே பெற வேண்டும். இன்ஸ்கிப் முனையிலிருந்து வாகனப் படகில் சில நிமிடப் பயணம். மணலில் இறங்குமுன் டயர்களில் காற்றைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் சக்கரம் புதைந்துவிடும். கிழக்குக் கரையின் எழுபத்தைந்து மைல் கடற்கரையே அங்கே நெடுஞ்சாலை. கடல் வற்றும் வேளையில்தான் ஈரமணல் இறுகி வண்டியைத் தாங்கும். ஓதம் ஏறும் நேரத்தில் கரையில் சிக்கிய வண்டியைக் கடல் கொண்டுபோய்விடும்.

எங்களுள் மூத்தவர் ஒருவர். அனைவருக்கும் அவர் காக்கா. மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுங்கள் என்ற நபிவழிப்படி அவரையே அமீராக்கினோம். காக்கா தொழுகை நேர அட்டவணையையும் ஓத நேர அட்டவணையையும் அருகருகே வைத்துப் பயணத்தை வகுத்தார். ஷாஃபிஈகள் ளுஹரையும் அஸரையும் கஸ்ராகச் சேர்த்துத் தொழுதனர். ஹனஃபி நண்பர் கஸ்ராகவே, ஆனால் ஒவ்வொன்றையும் அதனதன் வேளையில் தொழுதார். அவருக்காக இரண்டாம் முறை வண்டி நின்றபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. அங்கே கிப்லா மேற்கில். கடலுக்கு முதுகைக் காட்டி, மணற்குன்றுகளை நோக்கி நின்றோம். நாகூரிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் நின்றதும் இவ்வாறே, கடல் முதுகுப்புறம் இருக்கத்தான். பிறந்த மண்ணை விட்டு இத்தனை தூரம் வந்தும் தொழுகையில் நிற்கும் நிலை மாறவில்லையே என்று ஒரு நண்பர் சொன்னார்.

அந்தத் தீவில் டிங்கோ எனப்படும் காட்டுநாய்கள் உள்ளன. புட்சுல்லா மக்கள் அவற்றை வொங்கரி என்பர். அவற்றின் எண்ணிக்கை இருநூறுக்கு மேல் இல்லை என்பதே பொதுவான மதிப்பீடு. பார்ப்பதற்கு நம்மூர்த் தெருநாய்போல மெலிந்திருக்கும். அந்த மெலிவு பசியால் வந்ததன்று, இயல்பே. அவற்றுக்கு உணவு தருவது சட்டப்படி குற்றம். ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் உண்டு. உணவுப் பொருள்களைக் கூடாரத்தில் வைக்காமல் வண்டிக்குள் பூட்டிவைக்க வேண்டும். பிள்ளைகளைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும். இவையெல்லாம் எழுதப்பட்ட பலகைகள் வழியெங்கும் நின்றன. நாங்கள் வாசித்தோம். வேலியிட்ட டுண்டுபரா முகாமைத் தேர்ந்ததும் பிள்ளைகளை எண்ணியே.

இரண்டாம் நாள் பகல். கடற்கரையில் பாய் விரித்து, வீட்டிலிருந்து சமைத்து எடுத்துச்சென்ற ஆட்டிறைச்சியும் சோறும் உண்டுகொண்டிருந்தோம். சற்றுத் தொலைவில் ஒரு காட்டுநாய் வந்து படுத்தது. குரைக்கவில்லை, நெருங்கவில்லை. விலா எலும்புகள் தெரிய எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊரில் இருந்தவரை, கடைவாசலில் கிடக்கும் பூனைக்குத் தராமல் ஒரு கவளமும் உண்டறியாதவர் காக்கா. அவர் கை தானாகவே நீண்டது. இறைச்சியோடு கூடிய ஓர் எலும்புத் துண்டை அதன்பால் வீசினார். "பசித்த உயிர் பார்க்க நாம் எப்படித் தின்பது?" என்றார். எங்களில் எவரும் தடுக்கவில்லை. பலகைகளை வாசித்த அத்தனை பேரும் வாய்மூடி இருந்தோம். ஒரு பெண்பிள்ளை மட்டும், "போடக் கூடாதுன்னு எழுதியிருக்கே மாமா?" என்றாள். சிரித்துக் கடந்துபோனோம்.

மறுநாள் காலை அதே இடத்தில் வண்டிகளை நிறுத்தினோம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பந்தின் பின்னே பத்தடி தள்ளிப் போனான். மணற்குன்றின் புல்லிடையே இருந்து அந்த நாய் வந்தது. இம்முறை படுக்கவில்லை. நேரே அவனைத் தொடர்ந்தது. அவன் பயந்து ஓடத் தொடங்கியதும் அதுவும் ஓடி அவன் சட்டை நுனியைப் பற்றியது. அவனுடைய உம்மாவின் அலறலும் காக்காவின் ஓட்டமும் ஒரே நொடியில் நிகழ்ந்தன. அல்ஹம்துலில்லாஹ், சட்டை கிழிந்ததோடு போயிற்று. 2001-ஆம் ஆண்டு இதே தீவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் காட்டுநாய்களால் கொல்லப்பட்டான். அந்தச் செய்தியை நாங்கள் அறிந்தே இருந்தோம். அறிந்தும் பயனில்லாமற் போன அறிவு அது.

அன்று பகல் எங்களிடையே எழுந்த வாதமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இத்தகைய நிகழ்வைப் பூங்காக் காவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. ஒருவர் சொன்னார்: "யாருக்கும் காயமில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். நம் பெண்கள் அணிந்திருக்கும் முக்காட்டைப் பார்ப்பார்கள். இன்ன கூட்டத்தார் வந்தார்கள், சட்டத்தை மீறினார்கள் என்ற பேச்சு வரும். நம் சமுதாயத்தின் பெயர் கெடும்." அந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. சிறுபான்மையாக வாழும் எவரும் அறிந்த அச்சம் அது. மற்றொருவர் வேறொன்றைச் சொன்னார்: "சொன்னால் அந்த நாயைக் கொன்றுவிடக்கூடும். நாம் செய்த தவற்றுக்கு அது ஏன் சாக வேண்டும்?"

உண்மைதான். உணவுக்காக மனிதரை அண்டப் பழகிய காட்டுநாய், அச்சம் நீங்கி, பின்னர் உரிமையோடு கேட்கத் தொடங்கும், தராவிட்டால் கடிக்கும். ஆபத்தானது என்று உறுதியானால் அதனைக் கொல்வதைத் தவிர வேறு வழி இல்லை என்ற நிலையும் வரும். ஆனால் சொல்லாமல் விட்டால், அடுத்து அந்தக் கரையில் பாய் விரிக்கப்போகும் குடும்பத்தின் பிள்ளை? அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை.

காக்கா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "நமக்கு எதிராகவே ஆனாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை. பெயரைக் காப்பாற்றப் பொய்யில் நிற்பதானால், அந்தப் பெயர் நமக்கு எதற்கு?" காவலரின் வண்டி வந்தபோது அவரே கைகாட்டி நிறுத்தினார். நேற்று உணவு போட்டது நான் என்று தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். காவலர் நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நாயின் அடையாளங்களை விசாரித்தார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உண்மையைச் சொல்லுகிறவர்கள் குறைவு" என்று மட்டும் கூறினார். எங்கள் உடை குறித்தோ மார்க்கம் குறித்தோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் செய்ய வேண்டியது மாறியிருக்காது.

இதிலிருந்து நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது என்ன? விலங்குகள்மீது இரக்கம் காட்டுவதை இஸ்லாம் வலியுறுத்தவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். வலியுறுத்துகிறது. ஆயினும் பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய நபிமொழியை மீண்டும் கவனிப்போம். அவள் செய்த குற்றமாகச் சொல்லப்படுபவை இரண்டு. அடைத்துவைத்த பூனைக்கு அவள் உணவு தரவில்லை. பூமியில் உள்ளவற்றைத் தானே தேடித் தின்னும்படி அதை அவிழ்த்துவிடவும் இல்லை. ஆக, இரக்கத்துக்கு இரு வழிகள் உள்ளன. நம் பொறுப்பில் இருக்கும் உயிருக்கு உணவளிப்பது ஒன்று. சுதந்திரமாகத் திரியும் உயிரை, அதற்கு அல்லாஹ் வகுத்த ரிஸ்கைத் தேடித் தின்ன விட்டுவிடுவது மற்றொன்று. நாம் முதல் வழியை மட்டுமே நினைவில் வைத்தோம். அந்தக் காட்டுநாய்க்கு மீனும் ஊர்வனவும் சிறு விலங்குகளும் அத்தீவிலேயே உள்ளன. அதன் ரிஸ்கு எங்கள் ஸஹனில் இருக்கவில்லை.

நல்ல நிய்யத்து இருந்ததே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவையே. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில், எண்ணம் அறிவுக்கு மாற்றாகாது. டயரில் காற்றைக் குறைக்கவும் ஓத நேரத்தைக் கணக்கிடவும் அத்தனை அக்கறை காட்டிய நாங்கள், ஓர் உயிரின் வாழ்வைப் பற்றி எழுதப்பட்ட பலகையை மட்டும் அலட்சியம் செய்தோம். வண்டி நமது என்பதாலும் நாய் நமதல்ல என்பதாலுமா?

உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் இதே தீவில் சட்டத்துக்குப் புறம்பாக மூட்டப்பட்ட ஒரு முகாம் நெருப்பு, இரு மாதங்கள்வரை எரிந்து தீவின் பாதியைக் கரியாக்கியது. மூட்டியவர்கள் காட்டை எரிக்க எண்ணியிருக்க மாட்டார்கள். எங்கள் காக்காவும் ஒரு பிள்ளையின் சட்டையைக் கிழிக்க எண்ணவில்லை.

ஊரிலும் இதுவே நடக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குப் பிஸ்கட் நீட்டாத குடும்பங்கள் எத்தனை? பிள்ளைகள் மகிழ்கின்றனர், நாமும் ஸதகா செய்ததாக எண்ணுகிறோம். பிறகு அதே குரங்குகள் கைப்பையைப் பறிக்கும்போதும், சாலையில் அடிபட்டுச் சாகும்போதும், அதில் நமக்கும் பங்குண்டு என்று எண்ணுவதில்லை.

புட்சுல்லா மக்களிடம் தொன்றுதொட்டு மூன்று நியமங்கள் உண்டு. நிலத்துக்கு நன்மையானது எதுவோ அதற்கே முதலிடம்; உனக்கு உரிமையில்லாததைத் தொடாதே; மிகுதியாக இருந்தால் பகிர்ந்துகொள். பூமியை அமானத்தாகப் பெற்றவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நமக்கு இவற்றில் அந்நியமானது எது? மிகுதியானதைப் பகிர நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த மூன்றாவதைப் பற்றிக்கொண்டு முதலிரண்டை விட்டுவிட்டோம்.

பயணம் செல்லுங்கள். பூமியில் சுற்றிப் படைப்பின் தொடக்கத்தை நோக்குமாறு குர்ஆன் நம்மை அழைக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். விண்மீன்களுக்குக் கீழே பாங்கு சொல்லிக் கடற்கரை மணலில் ஜமாஅத்தாகத் தொழும் ஃபஜ்ரை அவர்கள் வாழ்நாள் முழுதும் மறக்க மாட்டார்கள். ஆனால் செல்லும் மண்ணின் விதிகளை, உளூவின் ஃபர்ளுகளைக் கற்பதுபோல் முன்கூட்டியே கற்றுச் செல்லுங்கள். ஒரு சிறுமி "எழுதியிருக்கே மாமா?" என்று கேட்டால், சிரித்துக் கடக்காதீர்கள். அன்று எங்கள் அனைவரிலும் மார்க்கத்தை மிகச் சரியாகப் புரிந்திருந்தவள் அவள்தான்.

அந்த நாய் இப்போது உயிரோடு இருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது. காக்கா இன்றும் அதைக் கேட்கிறார். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவர் கேட்கும் மன்னிப்பில் அதுவும் இருக்கிறது என்று அவர் மனைவி சொன்னார். அறிந்தும் அறியாமலும் நாம் இழைத்த தீங்குகளை அல்லாஹ் மன்னிப்பானாக. இரக்கத்தோடு அறிவையும் நம் பிள்ளைகளுக்குத் தருவானாக. ஆமீன்.